புது ஷாக் போட்டும் கார் தூக்கிப் போடுதா? டேம்பிங் திருகை எப்படி செட் செய்யணும்? முழு விளக்கம்

தேனி மாவட்டம் தேவாரத்தில் இருந்து மூணாறு பக்கம் காரில் கிளம்பினால், ஒரே பயணத்தில் இரண்டு வகையான ரோட்டைப் பார்த்துவிடலாம். ராசிங்கபுரம், சிலமலை வழியாக போடி வரைக்கும் ஊருக்கு ஊர் வேகத்தடை வரும் சமவெளிச் சாலை. போடியைத் தாண்டி முந்தல் வந்துவிட்டால் போடிமெட்டு மலைப்பாதை. மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

முதல் ரோட்டில் உடம்பு குலுங்கக் கூடாது. இரண்டாவது ரோட்டில் வண்டி அலையக் கூடாது. இதற்காகவே கம்பெனி ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, திருகு வைத்த அட்ஜஸ்டபிள் ஷாக் போடுபவர்கள் உண்டு. போட்டதும் பலர் செய்யும் முதல் காரியம், அந்தத் திருகை கடைசி வரைக்கும் 'சாஃப்ட்' பக்கம் திருப்புவது. ஆனாலும் பின் சீட்டில் இருக்கும் அப்பாவுக்கு இடுப்பு வலிக்கிறது. மலையில் வண்டி படகு மாதிரி ஆடுகிறது. காசும் போச்சு, சொகுசும் இல்லை.

எங்கே தப்பு நடக்கிறது? திருகு உண்மையில் எதை மாற்றுகிறது? வீட்டு வாசலிலேயே அதைச் சரியாக செட் செய்வது எப்படி? பார்க்கலாம்.

ஸ்பிரிங் வேலை வேற, ஷாக் வேலை வேற

காரின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்திலோ மேட்டிலோ சக்கரம் ஏறி இறங்கும்போது அமுங்கி விரிவதும் அதுதான். ஆனால் ஸ்பிரிங்குக்கு நிற்கத் தெரியாது. ஒரு தடவை அமுங்கினால் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துவதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. இதைத்தான் 'டேம்பிங்' என்கிறார்கள்.

ஷாக்குக்குள் எண்ணெய் இருக்கும். அதற்குள் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகும். பிஸ்டனில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகள், வால்வுகள் வழியாக எண்ணெய் நெருக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். வழி குறுகலாக இருந்தால் அசைவு மெதுவாகும், அகலமாக இருந்தால் வேகமாகும். நீங்கள் திருகும் திருகு இந்த வழியைத்தான் கூட்டிக் குறைக்கிறது.

ஆக, ஸ்பிரிங் எவ்வளவு கடினம் என்பதைத் திருகால் மாற்ற முடியாது. உதாரணமாக, 8 கிலோ ஸ்பிரிங் என்றால் அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ எடை வேண்டும் என்று அர்த்தம். அதே இடத்தில் 4 கிலோ ஸ்பிரிங் இருந்தால் பாதி எடையே போதும். ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்த கடினமான ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டுவிட்டு, திருகை எவ்வளவு தளர்த்தினாலும் அது கம்பெனி ஸ்பிரிங் மாதிரி மெத்தென்று ஆகாது. கடினமான ஸ்பிரிங்கைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லாமல் போய், வண்டி துள்ளத்தான் செய்யும்.

இரண்டு பக்க வேலை: பம்ப், ரீபவுண்ட்

சக்கரம் மேட்டில் ஏறும்போது ஷாக் அமுங்குகிறது. இதற்கு 'பம்ப்' அல்லது 'கம்ப்ரஷன்' என்று பெயர். மேட்டைத் தாண்டியதும் திரும்ப விரிகிறது. இது 'ரீபவுண்ட்'.

ஒரே ஒரு திருகு உள்ள ஷாக்குகளில் சிலவற்றில் ரீபவுண்ட் மட்டும் மாறும். கோனி கம்பெனியின் மஞ்சள் நிற 'ஸ்போர்ட்' ஷாக்குகள் இந்த வகை. வேறு சிலவற்றில் இரண்டும் சேர்ந்தே மாறும். விலை கூடிய வகைகளில் இரண்டுக்கும் தனித்தனித் திருகு இருக்கும். ஜப்பானின் டெயின் ஃப்ளெக்ஸ் இசட் மாடலில் 16 நிலைகள். ஜீப், எஸ்யூவிகளுக்கு வரும் ரான்சோ ஆர்எஸ்9000எக்ஸ்எல் மாடலில் 9 நிலைகள். உங்கள் ஷாக் எந்த வகை என்று அதோடு வந்த கையேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

இறுக்கினாலும் குலுங்கும், தளர்த்தினாலும் குலுங்கும். எப்படி?

இந்த விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

ரீபவுண்ட் அதிகமாக இறுகியிருந்தால், முதல் குழியில் அமுங்கிய ஷாக் மெதுவாகத்தான் விரியும். அது முழுசாக விரிவதற்குள் இரண்டாவது குழி வந்துவிடும். அதற்குள் மூன்றாவது. ஒவ்வொரு குழிக்கும் வண்டி இன்னும் கொஞ்சம் கீழே அமர்ந்துகொண்டே போகும். கடைசியில் அமுங்க இடமே இல்லாமல், ஷாக்கின் முனையில் இருக்கும் ரப்பர் கட்டையில் போய் முட்டும். உள்ளே இருப்பவர்களுக்கு 'டம்' என்று அடிப்பது இதனால்தான்.

ரீபவுண்ட் ரொம்பத் தளர்ந்திருந்தால் கதை வேறு. வேகத்தடையைத் தாண்டிய பிறகும் வண்டி இரண்டு, மூன்று முறை ஆடும். பின் சீட்டில் இருப்பவர்கள் மேலே எழும்பி விழுவார்கள். குழந்தைகளுக்குக் குமட்டல் வரும். மனித உடம்புக்கு நேரடியாக வலி தருவது விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல் கீழ் அதிர்வு. அதைவிட ரொம்ப மெதுவாக, ஊஞ்சல் போல வரும் ஆட்டம் வயிற்றைப் புரட்டும். ஒன்றைக் குறைக்கப் போய் இன்னொன்றை வாங்கிக்கொள்ளக் கூடாது.

அதனால் 'மிகக் குறைந்த நிலை'யைத் தேடாதீர்கள். ஒரே ஆட்டத்தில் வண்டி அடங்கிவிடும் நிலைகளில் எது குறைவோ, அதைத் தேடுங்கள். சொகுசான செட்டிங் என்பது இதுதான்.

திருகைத் தொடும் முன் 4 விஷயம்

1. டயர் காத்து: ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை பிஎஸ்ஐ என்று இருக்கும். டயர் சூடாகும் முன்பே சரிபாருங்கள். காத்து கூடுதலாக இருந்தால் எந்த ஷாக்காலும் காப்பாற்ற முடியாது.

2. உயரம்: அழகுக்காக காரை இறக்கியிருந்தால், ஷாக் அமுங்கும் தூரம் குறைந்திருக்கும். சின்னக் குழிக்கே ரப்பர் கட்டையில் முட்டும். இதற்கு மருந்து உயரத்தைக் கூட்டுவதுதான், திருகில் தீர்வு கிடையாது.

3. எண்ணெய்க் கசிவு: ஷாக் உடம்பில் எண்ணெயும் அழுக்கும் சேர்ந்து படிந்திருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. திருகினாலும் வேலை செய்யாது.

4. புஷ், மவுண்ட்: 'கடக் கடக்' என்று சத்தம் வந்தால் ரப்பர் புஷ்களையும், ஷாக் மேல் முனையில் உள்ள மவுண்டையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

செட் செய்வது எப்படி? படிப்படியாக

படி 1: திருகு எங்கே என்று பாருங்கள். பெரும்பாலான கார்களில் முன் பக்கத் திருகு பானட்டைத் திறந்தால் ஷாக்கின் உச்சியில் தெரியும். பின் பக்கம் டிக்கியின் உள் மூடியைக் கழற்ற வேண்டியிருக்கும், அல்லது ஷாக்கின் அடியில் இருக்கும். சில கோனி ஷாக்குகளில் வெளியே திருகு இருக்காது. ஷாக்கைக் கழற்றி, முழுசாக அமுக்கித்தான் திருப்ப முடியும். அது மெக்கானிக் வேலை.

படி 2: பெரும்பாலான மாடல்களில் கடிகார திசையில் திருப்பினால் இறுகும். மெதுவாக, நிற்கும் வரை திருப்புங்கள். பலம் கொடுத்தால் உள்ளே இருக்கும் ஊசி கெட்டுவிடும். நின்ற இடம்தான் பூஜ்யம். அங்கிருந்து எதிர்த் திசையில் ஒவ்வொரு 'கிளிக்'காக எண்ணுங்கள். இப்போது எந்த எண்ணில் இருக்கிறது என்பதை போனில் குறித்து வையுங்கள்.

படி 3: கம்பெனி சொல்லும் ஆரம்ப நிலையில் நான்கு சக்கரத்தையும் வையுங்கள். அது தெரியாவிட்டால் நடு நிலை. இடது, வலது இரண்டும் எப்போதும் ஒரே எண்ணில் இருக்கணும். இதில் விளையாடக் கூடாது.

படி 4: நீங்கள் தினமும் போகும் ரோட்டில் 4, 5 கிலோமீட்டர் தூரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒரு வேகத்தடை, கொஞ்சம் ஒட்டுப்போட்ட தார், ஒரு வளைவு இருந்தால் போதும். ஒவ்வொரு முறையும் அதே வேகம், அதே ஆட்கள்.

படி 5: முன் சக்கரங்களை மட்டும் 2 கிளிக் தளர்த்தி அதே தூரம் ஓட்டுங்கள். நல்லா இருந்தால் இன்னும் 2. வேகத்தடைக்குப் பிறகு முன்பக்கம் ஒரு தடவைக்கு மேல் ஆடத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அங்கிருந்து 1 அல்லது 2 கிளிக் திரும்ப இறுக்குங்கள். முன்பக்கம் முடிந்தது.

படி 6: இதையே பின்பக்கத்துக்கும் செய்யுங்கள். இந்தத் தடவை பின் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து சொல்லணும். ஓட்டுபவருக்குப் பின்பக்கக் குலுங்கல் முழுசாகத் தெரியாது.

படி 7: கடைசியாக, குடும்பத்தோடு, லக்கேஜோடு ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எடை கூடினால் ஆட்டமும் கூடும். தேவைப்பட்டால் பின்பக்கம் மட்டும் 1 கிளிக் கூட்டலாம்.

அறிகுறியைப் பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி?

- தொடர் குழிகளில் போகப் போக அடி அதிகமானால்: ரீபவுண்ட் இறுக்கம். தளர்த்துங்கள்.
- வேகத்தடைக்குப் பிறகு வண்டி மிதந்தால்: ரீபவுண்ட் தளர்வு. இறுக்குங்கள்.
- அலை அலையான ரோட்டில் மேட்டுக்கு மேடு உடம்பைத் தள்ளினால்: பம்ப் இறுக்கம். தனித் திருகு இருந்தால் அதைத் தளர்த்துங்கள்.
- எந்த நிலையிலும் கூர்மையான குழியில் 'டக்' என்று அடித்தால்: டயர் காத்து, உயரம், ஸ்பிரிங் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். திருகு பெரும்பாலும் ஷாக்கின் மெதுவான அசைவைத்தான் மாற்றும். திடீர் அடியைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் வால்வு. அதை வெளியில் இருந்து தொட முடியாது.

மலை ஏறும் முன் என்ன செய்யணும்?

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என எந்த மலைப்பாதையில் போனாலும், கொண்டை ஊசி வளைவில் வண்டியின் எடை ஒரு பக்கமாகச் சாயும். டேம்பிங் ரொம்பத் தளர்ந்திருந்தால் அந்தச் சாய்வு சட்டென்று நடக்கும். அடுத்த வளைவு எதிர்ப்பக்கம் என்றால், வண்டி அடங்குவதற்குள் மறுபடி திரும்ப வேண்டியிருக்கும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் வேகமாகக் குனியும்.

எனவே இரண்டு எண்களை வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று சமவெளிக்கு, இன்னொன்று மலைக்கு. சமவெளி எண்ணைவிட நான்கு பக்கமும் 2 அல்லது 3 கிளிக் இறுக்கம் என்பது நல்ல தொடக்கம். முந்தலில் வண்டியை ஓரமாக நிறுத்தினால், கைக்கு எட்டும் திருகுகளை மாற்ற ஐந்து நிமிடம் கூட ஆகாது. பின் திருகு எட்டாத இடத்தில் இருந்தால், மலை எண்ணை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். கொஞ்சம் குலுங்கலைத் தாங்கலாம், வளைவில் தடுமாறுவதைத் தாங்க முடியாது.

திருகே இல்லாத ஜீப்புகளுக்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பழைய ஜீப்புகளில் இருப்பது பட்டை ஸ்பிரிங். தேவாரத்தில் இருந்து சாக்குலூத்து மெட்டுக்கு ரோடு வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக இருக்கிறது. அது இல்லாததால் போடி அல்லது கம்பம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். காலையும் மாலையும் அந்தக் குலுங்கலைத் தாங்குவது பின் பெஞ்சில் இருப்பவர்களின் முதுகெலும்பு.

எடை தாங்கணும் என்று கூடுதல் பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் இன்னும் கடினமாகும். ஆள் குறைவாகப் போகும்போது அடி பலமாக விழும். அனுமதித்த ஆட்களை மட்டும் ஏற்றுவது, பட்டைகளுக்கு நடுவே துரு பிடிக்காமல் பார்த்துக்கொள்வது, ஷாக்கில் எண்ணெய் கசிந்தால் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவது. இந்த மூன்றும் எந்தத் திருகையும்விட அதிகப் பலன் தரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேய்ந்த ஷாக்கை அதே வகை ஷாக்கால் மாற்றுவது பராமரிப்பு. காரின் உயரத்தை மாற்றும்படி ஸ்பிரிங், ஷாக் போடுவது வேறு விஷயம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வாகன மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களில் இருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில், கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எல்லை தாண்டி கேரளாவுக்கு அடிக்கடி போகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளணும். வாங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாரன்டி, இன்சூரன்ஸ் விதிகளையும் படித்துவிடுங்கள்.

எப்போது திருகை மறந்துவிடலாம்?

எல்லாப் படிகளையும் செய்த பிறகும் வண்டி தூக்கிப் போட்டால், உங்கள் ஸ்பிரிங் உங்கள் ரோட்டுக்கு ஏற்றதல்ல என்று அர்த்தம். குறைந்த எடையில் அமுங்கும் ஸ்பிரிங்குக்கு மாறுவது அல்லது கம்பெனி செட்டுக்கே திரும்புவதுதான் வழி. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கம்பெனி இன்ஜினியர்கள் அந்த ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒன்றுக்கொன்று பொருத்திப் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள்.

திருகைத் திருப்பியபின் முடிவைச் சொல்ல வேண்டியது ஓட்டுபவர் அல்ல. பின் சீட்டில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.