கிடை ஆடுகளை அம்மை ஏன் விடுவதில்லை?

ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவார்கள். இரவெல்லாம் ஆடுகள் ஒன்றையொன்று உரசிப் படுத்திருக்கும். ஆட்டம்மை வைரஸுக்கு இதைவிட வசதி வேண்டாம். மூச்சிலும் சளியிலும் பரவும். கொப்புளம் காய்ந்து உதிரும் பொருக்கிலும் தங்கும். வெயில் படாத கொட்டகையில் அந்தப் பொருக்கு ஆறு மாதம் வரைகூடத் தொற்றும். அதனால்தான் நோய்ப்பட்ட ஆட்டைப் பிரித்தால் மட்டும் போதாது, பட்டியையும் சுத்தம் செய்தாக வேண்டும்.

ஆட்டம்மை வைரஸ் பாக்ஸ் வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரியம்மையும் கோழி அம்மையும் இதன் உறவுகளே. இன்னொரு கிளை வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சிப் புழுக்களைத் தாக்குகிறது. பெரும்பாலான டி.என்.ஏ வைரஸ்கள் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து அங்குள்ள நொதிகளைக் கொண்டு பெருகும். பாக்ஸ் வைரஸ்களோ உட்கருவுக்குள் போவதே இல்லை. தேவையான நொதிகளைத் தாமே சுமந்து வந்து, செல்லின் சைட்டோபிளாசத்திலேயே பெருகுகின்றன. அத்தனைக்கும் மரபணு வேண்டுமல்லவா? ஆட்டம்மை வைரஸின் டி.என்.ஏ சுமார் 1,50,000 எழுத்து நீளம்.

செம்மறி அம்மை, வெள்ளாட்டு அம்மை, மாட்டின் தோல் கழலை நோய் மூன்றின் வைரஸ்களும் ஏறத்தாழ 97 சதவீதம் ஒத்தவை. 2019இல் ஒடிசாவில் தோல் கழலை நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவியபோது, வெள்ளாட்டு அம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்குப் போட முடிந்தது அதனால்தான்.

செம்மறிகளுக்கான தடுப்பூசியை 1932இல் தொடங்கிய ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் தயாரிக்கிறது. அம்மைக்கு அதிகம் சாவது குட்டிகள்தான். மூன்று மாதம் நிரம்பியதும் ஊசி போட்டுவிட வேண்டும்.