ஊருக்குப் போய் வந்தபின் காய்ச்சலா?
எலி சுமக்கும் உண்ணியால் வரும் ஆபத்து

பொங்கலுக்கு வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டு அம்பர்நாத் திரும்பும் தொழிலாளிக்குச் சில நாட்களில் கடுங்காய்ச்சல் கண்டால், மலேரியா அல்லது டைபாய்டு என்றே பலரும் நினைப்பார்கள். இன்னொரு காய்ச்சலும் உண்டு. அதன் பெயர் ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல். டைபாய்டு வேறு, இது வேறு.

தமிழகத்தில் மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் இது அதிகம். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியும் லண்டன் ஆய்வாளர்களும் 37 கிராமங்களில் சுமார் 32,000 பேரைக் கண்காணித்தனர். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துப் பேர் வரை கிருமி தொற்றுவதாகத் தெரிந்தது. எல்லோருக்கும் காய்ச்சல் வருவதில்லை. மராட்டியத்திலும் 2018-ல் நாகபுரிப் பகுதியில் இந்நோய் பரவி உயிர்கள் பலியாயின.

எலியின் பங்கு என்ன?

எலி கடித்து இது வருவதில்லை. புதரிலும் புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தென்படாத உண்ணிக் குஞ்சு கடித்தே வருகிறது. கிருமி தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்குப் போகிறது. அந்தக் குஞ்சுக்கு இரை தருவது எலி. எலி பெருகினால் உண்ணியும் பெருகும். வழியில் மனிதன் அகப்பட்டால் அவனையும் கடிக்கும். ஆகவே எலியை ஒழித்தால் மட்டும் போதாது; வீட்டைச் சுற்றிய புதரையும் வெட்ட வேண்டும்.

கறுப்புத் தழும்பு

கடித்த 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, உடல்வலி காணும். அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு போன்ற மறைவிடங்களில் சிகரெட் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கலாம். வலிக்காததால் நோயாளிக்கே தெரியாது. சிலருக்கு அது இருப்பதும் இல்லை.

பென்சிலின் இதற்குப் பயன்படாது. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரை, டாக்டர் யோசனைப்படி உரிய காலத்தில் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டே நாளில் காய்ச்சல் தணியும். கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின் தருவார்கள். அசட்டை செய்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை பாதிக்கப்படும்.

புதர்ப் பக்கம் போகும்போது முழுக்கை, முழுக்கால் உடுப்பு அணியலாம். புல்லில் படுப்பதும், செடிமேல் துணி உலர்த்துவதும் கூடாது. திரும்பியதும் சோப்பு போட்டுக் குளித்து உடை மாற்றுவது நல்லது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு இது தொற்றாது.

காய்ச்சலோடு டாக்டரிடம் செல்பவர்கள், எந்த ஊருக்கு, எப்போது போய் வந்தார்கள் என்பதைக் கேளாமலே சொல்லிவிட வேண்டும். அம்பர்நாத் டாக்டருக்கு நோயாளியின் சொந்த ஊர்ப் புதர் தெரியாது.