முள்ளுப் பட்டை கட்டிய காவல்காரன்

ஒரு நாயின் கழுத்தில் கூரான முள்ளுகள் வைத்த இரும்புப் பட்டையைக் கண்டால், அது எதற்கென்று நினைப்பீர்கள்?

காங்கேசன்துறைப் பக்கம் ஆட்டுக்கு ஆபத்தென்றால் எங்களுக்குக் கட்டாக்காலி நாய்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்தியாவின் இமாச்சலப் பிரதேச மலைகளில் கதை வேறு. அங்கே மந்தையைத் தேடி வருவது சிறுத்தையும் கரடியும்!

அந்த மலைகளில் வாழும் கத்தி (Gaddi) இன இடையர்கள், பனி உருகியதும் ஆடுகளை உயரத்துப் புல்வெளிகளுக்கு ஓட்டிப் போவார்கள். குளிர் தொடங்க, அடிவாரத்துக்கு இறங்குவார்கள். அவர்களோடு கூடவே நடப்பது, அவர்களின் பெயராலேயே அழைக்கப்படும் கத்தி நாய். தடித்த கழுத்து, அடர்ந்த மயிர், அநேகமாகக் கறுப்பு நிறம். இரவில் இடையர் கண்ணயர்ந்தாலும் இது மந்தையை விட்டு அசையாது. வழிதவறிய ஆட்டையும் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும்.

சரி, அந்த முள்ளுப் பட்டை? சிறுத்தை பாய்ந்தால் கவ்வப் பார்ப்பது கழுத்தைத்தான். அங்கேதான் இரும்பு முள்ளு காத்திருக்கிறது. கடிக்க வந்த சிறுத்தைக்குத்தான் வாய் புண்ணாகும்! என்னைக் கேட்டால், கடையில் விற்கிற எந்தப் பளபளப்பான நாய்ப்பட்டையும் இதற்கு ஈடாகாது.

தலைமுறை தலைமுறையாக ஆடு காத்த இந்த நாயை இந்தியா தனி இனமாகப் பதிவு செய்தது 2025ஆம் ஆண்டில்தான். தமிழ்நாட்டின் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அந்தப் பதிவேட்டில் அதற்கு முன்பே இடம்பிடித்துவிட்டன.