குளத்துல விட்டா அது விடுதலை இல்ல

அலங்கார மீன் விக்கிற கடைகள்ல, கண்ணாடித் தொட்டிக்குள்ள, காசு சைஸ்ல பச்சையா ஒரு ஆமைக்குஞ்சு நீந்திக்கிட்டு இருக்கும், பார்த்திருப்பீங்க. கண்ணுக்குப் பின்னால ஒரு சிவப்புக் கோடு இருக்கும். அதோட பேரு ரெட் இயர்டு ஸ்லைடர். சொந்த ஊர் அமெரிக்கா, மிசிசிப்பி ஆற்றுப் பக்கம்.

இது ஏன் இங்க விக்குது? நட்சத்திர ஆமை மாதிரி நம்ம ஊர் ஆமைகளை வீட்ல வளர்க்கறது, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இந்த வெளிநாட்டு ஆமை அந்தப் பாதுகாப்புப் பட்டியல்ல இல்ல. அந்த இடைவெளியில புகுந்து சந்தைக்கு வந்துடுச்சு.

கடையில சொல்லாத விஷயம், இது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளரும். 20, 30 வருஷம் வாழும். தொட்டி பத்தாது, தண்ணி நாறும், வீடு மாத்தும்போது பாரமாத் தெரியும். அப்போதான் ஒரு யோசனை வருது: "பாவம், கோயில் குளத்துல விட்டுடலாம்."

எனக்கு இந்த 'பாவம்'தான் உறுத்துது. விடுறவங்க யாரும் கெட்டவங்க இல்ல. ஆனா அந்தக் குளம் ஏற்கெனவே காராமை, பாலாமை மாதிரி நம்ம ஆமைகளோட வீடு. ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரணும். வெயில் காயலைன்னா சாப்பிட்டது சரியா செரிக்காது. குளத்துல வெயில் காய இருக்கறதே நாலு கல்லு, ரெண்டு மரக்கட்டை. பிரான்ஸ்ல ரெண்டு இனத்தையும் ஒரே குளத்துல வச்சு ஆய்வு பண்ணினப்போ, ஸ்லைடர் நல்ல இடங்களைப் பிடிச்சுக்கிச்சு, உள்ளூர் ஆமை மோசமான இடத்துக்கு ஒதுங்கிடுச்சு. சாப்பாட்டுலயும் இது எதையும் விடாது. நீர்ச்செடி, பூச்சி, நத்தை, தலைப்பிரட்டை, மீன் எல்லாம் தின்னும்.

உலகத்தோட மிக மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் பட்டியல்ல இதுவும் ஒண்ணு. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லயே இறக்குமதியை நிறுத்திடுச்சு. ஜப்பான் 2023-ல விற்பனையையும், வெளியில விடறதையும் தடை பண்ணுச்சு. ஆனா ஏற்கெனவே வளர்க்கறவங்க தொடர்ந்து வச்சுக்கலாம்னு சொல்லுச்சு. ஏன்னா மொத்தமாத் தடை போட்டா, பயத்துல எல்லாரும் ராத்திரியோட ராத்திரியா குளத்துல கொட்டிடுவாங்க!

சரி, நாம என்ன பண்ணலாம்? வாங்காதீங்க. ஏற்கெனவே இருந்தா, பெரிய தொட்டி, ஏறி உட்கார ஒரு மேடை, தினமும் கொஞ்சம் வெயில் குடுங்க. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவுங்க, சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வளர்க்கவே முடியலையா? பொறுப்பா வளர்க்கற ஒருத்தர் கையில குடுங்க. இல்லைன்னா வனத்துறைகிட்டயோ விலங்கு மீட்புக் குழுகிட்டயோ கேளுங்க. குளத்துல விட்டா நம்ம பாரம் குறையும், அவ்வளவுதான். அந்தப் பாரத்தை அடுத்த 20 வருஷம் அங்க இருக்கற காராமை சுமக்கும்.