சத்தம் குறைந்த ரம்பம்

இரவெல்லாம் காற்று. காலையில் பார்த்தால், லயத்தின் கூரையை உரசி முற்றத்தில் கிடக்கிறது ஒரு சில்வர் ஓக் கிளை. கோடாலியை எடுப்பதா, மெஷின்காரருக்குச் சொல்லி அனுப்புவதா? அகத்தியர்கூடத்தின் (1,868 மீட்டர்) அடிவாரத்தில், நலிந்துபோன தேயிலைத் தோட்டத்தின் பழைய லயங்களில் வாழும் போனக்காட்டுத் தமிழர்களுக்கு இது பழகிய கேள்வி.

பேட்டரியில் ஓடும் வீட்டு உபயோகச் சங்கிலி ரம்பம் இதற்குப் புதிய பதில். கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பெட்ரோல் வேண்டாம், புகையும் இல்லை. விசையை விட்டால் சங்கிலி நிற்கும். 6 அங்குல ரகம் மணிக்கட்டுப் பருமனுள்ள கிளையைச் சுலபமாக அறுக்கும். அடிமரத்தில் வைத்தால் திணறும். சார்ஜும் சீக்கிரம் இறங்கும். மழைக்காலத்தில் கரண்ட் போனால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆபத்து மட்டும் குறையவில்லை. ரம்பத்தின் நுனி மரத்தில் இடித்தால் மொத்தக் கருவியும் முகத்தை நோக்கி எகிறும். கண்ணாடி, பூட்ஸ் அவசியம். ஏணியில் நின்று அறுக்கவே கூடாது. சங்கிலியில் எண்ணெய் காயவும் விடக் கூடாது.

இன்னொரு சங்கதி. பக்கத்திலேயே இருக்கிறது, 1983ல் அறிவிக்கப்பட்ட பேப்பாறை சரணாலயம். பெட்ரோல் ரம்பத்தின் அலறல் மரத் திருட்டைக் காட்டிக் கொடுத்துவிடும். பேட்டரி ரம்பத்தின் முனகல் அவ்வளவு தூரம் எட்டாது. வீட்டுக்காரருக்கு வசதியாக இருப்பதே வனக் காவலருக்குத் தலைவலி. விழுந்த கிளையோடு நிறுத்திக்கொண்டால், இருவருக்கும் நிம்மதி.