நீர்த்தேக்கமும் பூகம்பமும்

அணையில் தேங்கும் ஜலம் பயிருக்கு உயிரென்பதை அறியாத குடியானவர் இல்லை. அந்த ஜலமே சிற்சில இடங்களில் பூகம்பத்திற்கும் காரணமாகக்கூடும் என்பதைப் பலர் அறியார். மகாராஷ்டிர ராஜ்யத்துச் சதாரா ஜில்லாவிலுள்ள கொய்னா அணையின் வரலாறு இதற்குத் தக்க உதாரணமாகும்.

103 மீட்டர் உயரமுள்ள அவ்வணையில் 1962-ம் வருஷம் ஜலம் தேக்கத் தொடங்கினார்கள். பின்னர்ச் சிறு அதிர்ச்சிகள் அடிக்கடி உணரப்பட்டன. 1967-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி விடியுமுன், ஜனங்கள் நித்திரையிலிருக்கையில், 6.3 அளவுள்ள பூகம்பம் உண்டாயிற்று. கொய்னாநகரில் வீடுகள் இடிந்து விழுந்தன. சுமார் 180 பேர் மாண்டனர். அணையிலும் வெடிப்புகள் கண்டன. எனினும் அது உடையாமல் நின்றது. பிற்பாடு அது பலப்படுத்தப்பட்டது. அமெரிக்காவில் 1935-ல் ஹூவர் அணை நிரம்பத் தொடங்கியபோதும், அடுத்த வருஷமே அவ்விடத்தில் அதிர்ச்சிகள் உணரப்பட்டன.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, கோடிக்கணக்கான டன் ஜலத்தின் பாரம் பூமியை அழுத்துகிறது. இரண்டாவது, ஜலம் பாறை வெடிப்புகளின் வழியே ஆழத்தில் இறங்கி, பாறைகளை ஒன்றோடொன்று இறுக்கும் வலிமையைத் தணிக்கிறது. அதனால் அவை வழுக்கி நகருகின்றன. ஆயினும் பூகம்பத்தின் சக்தியை ஜலம் உண்டாக்குவதில்லை. அது நெடுங்காலமாகப் பாறையில் சேர்ந்திருப்பது. கனிந்த பழம் கிளையைச் சிறிது அசைத்தவுடன் விழுவது போன்றதே இது. பழமில்லாத கிளையை எவ்வளவு அசைத்தாலும் பயனில்லையன்றோ? ஆகவேதான் அணைகள் பலவற்றில் இத்தொல்லை தோன்றுவதில்லை.

நமது ஊர் ஏரிகளையும் குளங்களையும் பற்றி மிராசுதார்கள் அஞ்சவேண்டுவதில்லை. இவ்விளைவு பெரும்பாலும் மிக ஆழமான பெரிய தேக்கங்களிலேயே காணப்படுகிறது. அத்தகைய தேக்கங்களுக்கு அருகில் வசிப்போர் மட்டும் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம். சேற்றில் கல் வைத்துக் கட்டிய சுவரின்மீது கனத்த கூரை போடலாகாது. சுவரின் முழுக் கனத்துக்கும் ஊடுருவும் நீண்ட கற்களை இடையிடையே வைக்கவேண்டும். வாசல் நிலைக்கு மேலே நான்கு சுவர்களையும் சுற்றி, இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட் கட்டு ஒன்று அமைக்கவேண்டும். கிராம உத்தியோகஸ்தர்கள் அதிர்ச்சி உணர்ந்த தேதியையும் மணியையும் குறித்து உடனே தாலுகா ஆபீஸுக்கு அறிவித்து, வீண் வதந்தி பரவாமல் தடுப்பார்களாக. கொய்னாவில் உயிர்களைப் பறித்தவை இடிந்த சுவர்களேயாதலால், சுவரை உறுதியாகக் கட்டுவதே முதற் காப்பாகும்.