கேஜ் முள் எங்கே நிற்க வேண்டும்?

தாராவி, செம்பூர்ப் பகுதி நம் பிள்ளைகள் பலர் ஐஸ் பிளான்ட், பால் பிளான்ட், ஏ.சி. பிளான்ட் என்று மெக்கானிக் வேலையில் இருக்கிறார்கள். கிளைகால் லைனில் எத்தனை கிலோ பிரஷர் ஏற்ற வேண்டும் என்று அவர்கள் கேட்பதுண்டு. "மூன்று கிலோ ஏற்று" என்பது பழைய மேஸ்திரிகளின் பதில். குழாய் எவ்வளவு உயரம் போகிறது என்று பார்க்காமல் சொல்லும் பதில் அது.

பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே தண்ணீர் உறைந்துவிடும் என்பதால்தான் கிளைகால் கலக்கிறோம். (நம் ரயில்வே டீசல் எஞ்சின்களுக்கு அது தேவைப்படவில்லை, துருத் தடுப்பு மருந்து கலந்த தண்ணீரே போதும்.) மூடிய குழாயில் இந்தக் கலவையைச் சுற்ற வைப்பது பம்ப். ஆனால் உச்சியிலுள்ள குழாயும் நிரம்பியிருக்கச் செய்வது நாம் முதலில் ஏற்றும் பிரஷர். அது குறைந்தால் மேலே காற்று புகும், பம்ப் கடகடக்கும்.

கணக்கு எளிது. பம்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்கு 1 கிலோ. கேஜ் கீழ்த்தளத்தில், உச்சிக் குழாய் 21 மீட்டர் மேலே என்றால் 2.1 கிலோ. 30 சதவீதக் கிளைகால் தண்ணீரைவிடச் சற்றுக் கனம் என்பதால் 2.2 என்று வையுங்கள். உச்சியில் மிச்சமிருக்க 0.4 சேர்த்தால் 2.6. எக்ஸ்பான்ஷன் டேங்க்கின் காற்றையும், லைனில் இணைக்கும் முன்பே, இதே 2.6-க்கு வைக்க வேண்டும். பலர் விட்டுவிடும் வேலை இதுதான்.

மும்பை வெயிலில் 32 டிகிரியில் நிரப்பிய கலவை மைனஸ் 5-க்குப் போகும்போது சுருங்கி, முள் இறங்கும். அதற்காக டேங்க்கில் கொஞ்சம் கலவை இருப்பு நிற்கும்படி 2.9 வரை நிரப்பலாம். சேஃப்டி வால்வு எதில் திறக்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகும் முள் நாள்தோறும் இறங்கினால் கசிவு. வெறும் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டினால் கிளைகால் நீர்த்து, உறைந்து, குழாய் வெடிக்கும்.

எத்திலின் கிளைகால் இனிக்கும் விஷம். அதே இனத்தைச் சேர்ந்த டைஎத்திலின் கிளைகால், மருந்தாகக் கொடுத்த கிளிசரினில் கலந்திருந்ததால், 1986-இல் இதே ஊர் ஜே.ஜே. மருத்துவமனையில் 14 நோயாளிகள் இறந்தார்கள். இங்கே முனிசிபல் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். நின்றதும் அந்தக் குழாயில் அழுத்தம் இருக்காது. நம் லைனில் 2.9 கிலோ இருக்கும்போது இரண்டையும் இணைத்தே வைத்திருந்தால், கிளைகால் குடிதண்ணீருக்குள் போகும். ஆகவே தனி டிரம்மில் கலந்து கைப்பம்பால் ஏற்றுங்கள். முனிசிபல் லைனில் ஹோஸ் மாட்டியிருந்தால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.